படுக்கை, மருந்து, வேலைப் பழக்கம்: மூன்றையும் ஒன்றாகத் தொடங்குவோம்



போன இதழில் வேலை அனுமதிப்பத்திரம் எடுப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி தொலைபேசி எடுத்தா. "ரீச்சர், பெர்மிற் வந்து என்ன பிரயோசனம்? இவர் காலமையிலேயே குடிச்சுப்போட்டுப் படுத்திருக்கிறார். இருந்த அறையையும் விடச் சொல்லிப்போட்டாங்கள். இவருக்கு ஆர் வேலை குடுப்பினம்?" என்று கேட்டா. அவவுடைய கேள்விக்கான பதில்தான் இந்த மாதப் பாடம்.

இது கதைக்கக் கூச்சமான விசயம். எங்கள் ஆட்களுக்குள் குடியும் இருக்கிறது, இருக்க இடமில்லாத நிலைமையும் இருக்கிறது. ஆனால் வெளியில் தெரிவதில்லை. ஒரு கிழமை சிநேகிதனுடைய சோபா, அடுத்த கிழமை இன்னொருவருடைய பேஸ்மென்ற், பிறகு கார், பிறகு இரவு முழுக்கத் திறந்திருக்கும் கோப்பிக் கடை, அல்லது விடியும்வரை ஓடுகிற ரிரிசி இரவு பஸ். தெருவில் படுக்காதபடியால் "நான் வீடில்லாத ஆள் இல்லை" என்று நினைக்கிறோம். நிரந்தரமாகப் படுக்க உரிமையான ஒரு இடம் இல்லையென்றால், உதவி கேட்பதற்கு அதுவே போதிய காரணம்.

நான் ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தனான். அந்தப் பழக்கத்தில் இதையும் பகுதி பகுதியாகச் சொல்கிறேன்.

1. "முதலில் திருந்து, பிறகு வேலை" என்பது சரியா?

எங்கள் வீடுகளில் சொல்லும் ஒழுங்கு இது: முதலில் குடியை முழுசாக விடு, பிறகு வேலை தேடு, பிறகு ஒரு அறை எடுக்கலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் படுக்க இடமில்லாதவன் எப்படிக் குடியை விடுவான்? காலையில் எழும்பிப் போக ஒரு இடம் இல்லாதவன் எதற்காக விடுவான்?

கனடாவில் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2009 முதல் 2013 வரை ரொறன்ரோ, வன்கூவர், வினிப்பெக், மொன்றியல், மொங்ரன் ஆகிய 5 நகரங்களில், மனநலப் பிரச்சினையோடு வீடில்லாமல் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. அவர்களில் பலருக்குக் குடியோ போதையோ சேர்ந்தே இருந்தது. ஒரு பகுதியினருக்கு, "முதலில் குடியை விடு" என்று நிபந்தனை போடாமல் நேரடியாக வீடு கொடுத்து, உதவியாளர்களையும் அனுப்பினார்கள். மற்றப் பகுதியினர் வழமையான உதவிகளோடு இருந்தார்கள். இரண்டு வருடத்தில், வீடு கொடுக்கப்பட்டவர்கள் தங்கள் நாட்களில் 73 வீதத்தை நிலையான வீட்டில் கழித்தார்கள். மற்றவர்களுக்கு அது 32 வீதம் மட்டுமே.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு. குடி, போதைப் பிரச்சினை இரண்டு பகுதியினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. அதாவது வீடு கிடைத்தால் வீடு நிலைக்கும், குடி தானாகப் போய்விடாது. அதற்கு மருத்துவம் வேண்டும். நாளை நிரப்ப ஒரு வேலையோ பயிற்சியோ வேண்டும். ஒன்று முடியும்வரை மற்றது காத்திருக்கத் தேவையில்லை. மூன்றையும் சின்னச் சின்ன அளவில் ஒன்றாகத் தொடங்க வேண்டும்.

2. இந்த நகரத்தில் இது புதிய விசயம் இல்லை

விவசாய இயந்திரங்கள் செய்து பணக்காரரான ஹார்ட் மசி என்பவர், இள வயதில் இறந்துபோன தன் மகன் பிரெட் விக்ரரின் நினைவாக 1894 இல் குவீன் வீதியும் ஜார்விஸ் வீதியும் சந்திக்கும் இடத்தில் ஒரு இல்லம் கட்டிக் கொடுத்தார். மகனின் பெயரிலேயே அந்த நிறுவனம் இன்றும் இயங்குகிறது. தங்குமிடம், சாப்பாடு, வேலைப் பயிற்சி எல்லாம் அங்கே உண்டு.

ஜமேக்காவில் இருந்து வந்த ஈவா சிமித் என்ற சமூகப் பணியாளர், வீடில்லாத இளம் பிள்ளைகளுக்காக இந்த நகரத்தில் பாடுபட்டவர். அவருடைய பெயரில் 2000 ஆம் ஆண்டு ஈவாஸ் பீனிக்ஸ் என்ற இல்லம் திறக்கப்பட்டது. 16 முதல் 24 வயதுப் பிள்ளைகள் அங்கே தங்கிக்கொண்டே தொழில் பழகலாம். 2002 இல் அதோடு சேர்த்து ஒரு அச்சகமும் தொடங்கினார்கள். செல்ரரில் இருந்த பிள்ளைகள் அங்கே அச்சுத் தொழில் படித்தார்கள்.

1987 இல் ஏ-வே எக்ஸ்பிரஸ் என்ற கூரியர் சேவை தொடங்கியது. மனநோய் வைத்தியத்துக்கு ஆளானவர்களே அதில் வேலை செய்தார்கள். அவர்களிடம் காரும் இல்லை, வானும் இல்லை. ரிரிசியில் ஏறிப் போய்ப் பொதிகளைக் கொடுத்தார்கள்.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொது விசயம் உண்டு. "உன்னால் ஏலாது" என்று சொல்லாமல், அவரவரால் ஏலுமான அளவிலிருந்து வேலையைத் தொடங்கினார்கள்.

3. ஒரு தம்பியின் கதை

பெயர், ஊர் சொல்லமாட்டேன். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களையும் மாற்றியிருக்கிறேன். 2009 இல் வன்னியில் குடும்பத்தில் மூன்று பேரை இழந்தவர். இங்கே வந்து அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை, கையில் காசு. பகலில் நித்திரை இல்லை. கண்ணை மூடினால் அந்த நாட்கள் வரும். நித்திரைக்காகக் குடிக்கத் தொடங்கினார். பிறகு வேலைக்கு முன்னும் குடித்தார். வேலை போனது, அறையும் போனது.

ஒரு மாசி மாதக் குளிரில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இரண்டு கையும் நடுங்கியது. "ரீச்சர், எனக்கு ஒண்டும் வேண்டாம், ஒரு கடிதத்தை வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். அது குடிவரவு அகதிகள் சபையிலிருந்து வந்த கடிதம். பழைய விலாசத்துக்குப் போய், யாரோ எடுத்து வைத்து, ஆறு கிழமை கழித்துக் கையில் கிடைத்திருக்கிறது. அதிலிருந்த திகதிக்கு இன்னும் நான்கே நாள்.

இதை எல்லோரும் கவனியுங்கள். விலாசம் மாறினால் உடனே அகதிகள் சபை, குடிவரவுத் திணைக்களம், எல்லைச் சேவை முகவரகம், உங்கள் சட்டத்தரணி எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். விசாரணைக்குப் போகாமல் விட்டால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகத் தீர்மானிக்க முடியும். அப்படித் தீர்மானித்தால் கனடாவில் திரும்ப அகதி கோர முடியாது. நிலையான இடம் இல்லையென்றால், கடிதங்களுக்கு எந்த விலாசம் கொடுக்கலாம் என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

அன்று நாங்கள் முதல் செய்தது சட்டத்தரணிக்குத் தொலைபேசி எடுத்ததுதான். இரண்டாவது, அந்த நடுக்கத்துக்கு வைத்தியம்.

4. திடீரென்று நிற்பாட்டக் கூடாது

பலருக்குத் தெரியாத விசயம் இது. நீண்ட காலம் தினமும் கூடுதலாகக் குடித்தவர் ஒரே நாளில் நிற்பாட்டினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு, மூன்று நாள் கழித்து மனக் குழப்பம், இல்லாததைக் காண்பது, கடும் காய்ச்சல் வரக்கூடும். கோயிலில் சத்தியம் பண்ணிவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு கிடப்பது வைத்தியம் இல்லை. கை நடுக்கம், வியர்வை, வாந்தி, குழப்பம் இருந்தால் வைத்தியரிடம் போங்கள். வலிப்பு வந்தால் உடனே 911.

மேற்பார்வையோடு குடியை நிற்பாட்டும் இடங்களை இங்கே டீடொக்ஸ் என்பார்கள். கட்டணம் இல்லை. கனெக்ஸ் ஒன்ராறியோ என்ற இலவசத் தொலைபேசிச் சேவைக்கு எடுத்தால் எங்கே இடம் இருக்கிறது என்று சொல்வார்கள். இலக்கம் 1-866-531-2600, 24 மணித்தியாலமும் எடுக்கலாம். விமென்ஸ் கொலிஜ் வைத்தியசாலை போன்ற சில வைத்தியசாலைகளில் குடி, போதைக்கென்று விரைவுக் கிளினிக்குகள் உண்டு. குடும்ப வைத்தியரின் கடிதம் தேவையில்லை. குடிக்கும் ஆசையைக் குறைக்க நல்ட்ரெக்சோன், அகாம்புரோசேற் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. இது மனக் கட்டுப்பாடு இல்லாத குறை மட்டுமல்ல, மருந்துள்ள வருத்தம்.

"வைத்தியரிடம் சொன்னால் கேசுக்குப் பாதிப்பு வருமோ?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். வைத்தியம் எடுப்பது குற்றம் இல்லை. வைத்தியரிடம் சொல்வது இரகசியமாக இருக்கும். ஊரில் உங்களுக்கு என்ன ஆபத்து என்பதைத்தான் அகதிகள் சபை பார்க்கும்.

கேசுக்கு உண்மையான ஆபத்து வேறு. அது குடித்துவிட்டு வாகனம் ஓடுவது. 2018 டிசம்பர் 18 முதல் இந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனை 10 வருடச் சிறை. அதனால் குடிவரவுச் சட்டத்தில் இது பாரதூரமான குற்றமாகக் கணிக்கப்படுகிறது. குற்றவாளியாகக் காணப்பட்டால் அகதி விண்ணப்பமே தகுதி இழக்கலாம். பொலிஸ் பிடித்திருந்தால், நீதிமன்றத்தில் எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன் குடிவரவுச் சட்டத்தரணியிடம் கட்டாயம் கதையுங்கள்.

போரின் நினைவுகள்தான் குடிக்குக் காரணமென்றால் அதற்கும் ஒரு இடம் உண்டு. சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கான கனடிய நிலையம், போரிலும் சித்திரவதையிலும் இருந்து தப்பி வந்தவர்களுக்கு இந்த நகரத்தில் 1977 முதல் உதவி வருகிறது.

5. படுக்கை

செல்ரர் கேட்க 416-338-4766 என்ற இலக்கத்துக்கு எடுக்க வேண்டும். 2013 இல் ரொறன்ரோ நகரசபை எடுத்த தீர்மானத்தின்படி, குடிவரவு நிலை எதுவானாலும் நகரத்தின் சேவைகளைப் பயமில்லாமல் கேட்கலாம்.

உண்மையையும் சொல்ல வேண்டும். இடம் உடனே கிடைக்கும் என்று இல்லை. 2023 கோடையில், பெரும்பாலும் ஆபிரிக்க நாடுகளில் இருந்து வந்த அகதிகள் பீற்றர் வீதி அலுவலகத்துக்கு வெளியே நடைபாதையில் கிழமைக் கணக்காகப் படுத்திருந்ததை இந்த நகரமே பார்த்தது. "இல்லை" என்று சொன்னால் வைத்துவிட்டு, இரண்டு மணித்தியாலம் கழித்துத் திரும்ப எடுங்கள். எடுத்த நேரத்தையும் சொன்ன பதிலையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியோடு எங்களிடம் வந்தால், நாங்களும் உங்களோடு சேர்ந்து கேட்க வசதியாக இருக்கும்.

6. வேலைப் பயிற்சி: எதைத் தெரிவு செய்வது?

தம்பி ஐந்து நாள் டீடொக்ஸில் இருந்தார். பிறகு செல்ரர். அங்கே மூன்றாம் நாளே என்னிடம் வந்து, "சும்மா இருக்க ஏலாது ரீச்சர், சும்மா இருந்தா கால் தானா எல்.சி.பி.ஓ. பக்கம் போகுது" என்றார். அதுதான் பயிற்சி தேடச் சரியான நேரம்.

ஆனால் முதல் போன இடத்தில், 9 இல் தொடங்கும் சின் இலக்கத்தைப் பார்த்துவிட்டுச் சேர்க்கமாட்டோம் என்றார்கள். முதலே கேட்காமல் அனுப்பியது என் பிழை. அதனால் உங்களுக்கு ஒரு ஒழுங்கு சொல்கிறேன்.

முதலாவது, போவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள்: "நான் அகதி விண்ணப்பதாரி, வேலை அனுமதிப்பத்திரம் இருக்கிறது, சின் 9 இல் தொடங்குகிறது. என்னைச் சேர்ப்பீர்களா?"

இரண்டாவது, 6 மாதம் அல்லது அதற்குக் குறைந்த பயிற்சிக்குப் படிப்பு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. அதற்கு மேல் என்றால் வேண்டும். ஆகவே குறுகிய பயிற்சியில் தொடங்குங்கள்.

மூன்றாவது, ஆங்கிலம். மத்திய அரசின் லிங்க் வகுப்பு அகதி விண்ணப்பதாரிகளுக்கு இல்லை. ஒன்ராறியோ மாகாணத்தின் இ.எஸ்.எல். வகுப்புக்குப் போகலாம்.

நான்காவது, உங்கள் வருத்தத்துக்குப் பொருந்தும் வேலையைப் பாருங்கள். உணவகச் சமையலறை எங்கள் ஆட்களுக்குப் பழகின இடம். கோப்பை கழுவத் தொடங்கிச் சமையல்காரராக வந்தவர்கள் ரொறன்ரோவில் எத்தனையோ பேர். ஆனால் பார் உள்ள உணவகத்தில், வேலை முடிய எல்லோரும் குடிக்கும் இடத்தில், புதிதாக விட்டவர் நிற்பது கஷ்டம். முதியோர் இல்லம், வைத்தியசாலை, பள்ளிக்கூடம் போன்ற இடங்களின் சமையலறை நல்லது. அதற்கு உணவைச் சுகாதாரமாகக் கையாளும் சான்றிதழ் எடுங்கள். சோதனையில் 70 புள்ளி எடுத்தால் சித்தி, 5 வருடம் செல்லுபடியாகும். கட்டட வேலைக்குப் போவதென்றால் உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சி கட்டாயம், 3 வருடம் செல்லும். ஆனால் தலைச்சுற்றும் நடுக்கமும் போகும்வரை ஏணியில் ஏற வேண்டாம்.

ஐந்தாவது, ஏமாறாதீர்கள். வேலை எடுத்துத் தருகிறோம் என்று ரெம்பறரி ஏஜென்சி உங்களிடம் காசு கேட்பது ஒன்ராறியோச் சட்டத்துக்கு மாறானது. "பழகும் காலம், சம்பளம் இல்லை" என்று ஒரு முதலாளி சொன்னால், ஓம் என்று சொல்ல முன் எங்களிடம் கேளுங்கள்.

தம்பிக்கு இரண்டாவது இடத்தில் சமையலறைப் பயிற்சி கிடைத்தது. ஆறு கிழமை. அங்கே படித்தது வெங்காயம் வெட்டுவதும் பாத்திரம் கழுவுவதும்தான் என்று அவரே சிரிப்பார். நான் கண்ட மாற்றம் வேறு. காலை ஏழரைக்கு அவரை எதிர்பார்த்து ஒரு ஆள் நின்றார். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்டார். கனடா வந்த பிறகு அவரை அப்படித் தேடின முதல் ஆள் அவர்தான்.

7. ஒரு சின்னக் கணக்கு

"வேலைக்குப் போனால் வெல்பெயாரை வெட்டிவிடுவார்கள், பிறகு ஏன் போவான்?" என்று பலர் சொல்கிறார்கள். கணக்குப் பார்ப்போம்.

வாடகை கட்டும் தனி ஆளுக்கு ஒன்ராறியோ வேர்க்ஸ் கொடுக்கும் உச்சத் தொகை 2018 இல் மாதம் 733 டொலர். அதன் பிறகு வருடக் கணக்காக அது ஏறவில்லை. அந்தக் காசில் ஒரு அறைகூட எடுக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் உதவி எடுக்கத் தொடங்கி மூன்று மாதம் கடந்திருந்தால், உழைக்கும் காசில் முதல் 200 டொலரைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். மிச்சத்தில் பாதியைத்தான் கழிப்பார்கள்.

பகுதிநேர வேலையில் மாதம் 600 டொலர் கையில் வருகிறது என்று வைப்போம். 200 ஐ விட்டால் மிச்சம் 400. அதில் பாதி 200. ஆகவே 733 இல் 200 கழிய 533 டொலர் உதவிப்பணம். அதோடு உழைத்த 600. மொத்தம் 1133 டொலர். வேலைக்குப் போகாமல் இருந்தால் 733 மட்டும். போனவருக்கு 400 டொலர் இலாபம். ஆனால் உழைத்ததை ஒவ்வொரு மாதமும் மறைக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தால் பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

8. திரும்ப விழுந்தால்?

பயிற்சியின் நான்காம் கிழமை, மே மாதம். பதினெட்டாம் திகதிக்குப் பிறகு இரண்டு நாள் தம்பியைக் காணவில்லை. எங்கே போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் வந்து வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. "எல்லாம் பழுதாப் போச்சு ரீச்சர்."

நான் கேட்டேன், "தம்பி, நாலு கிழமை போனீரே, அது பழுதாப் போச்சா?"

மீண்டு வரும் பலருக்கு இடையில் ஒரு தரமாவது இப்படி நடக்கும். அன்று செய்ய வேண்டியவை மூன்று. கிளினிக்குக்குச் சொல்லுங்கள். பயிற்சி நடத்துபவருக்கு அன்றே தொலைபேசி எடுத்து, "வருத்தமாக இருந்தது, நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லுங்கள். முழு விபரம் சொல்ல வேண்டிய கடமை இல்லை, ஆனால் காணாமல் போகாதீர்கள். பிறகு, எந்த நாள், எந்த இடம், எந்த நினைவு உங்களை விழுத்தியது என்று கொப்பியில் எழுதுங்கள். அடுத்த வருடம் அந்த நாளில் தனிய இருக்காதபடி முதலே ஒழுங்கு பண்ணலாம்.

தம்பி திரும்பப் போனார். ஆவணியில் இன்னொரு தரமும் விழுந்தார். பிறகும் போனார். இப்போது ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் கிழமைக்கு நான்கு நாள் காலை வேலை. இன்னொருவரோடு சேர்ந்து ஒரு அறை எடுத்திருக்கிறார். விசாரணைக்கு வேறு திகதி கிடைத்தது, முடிவு இன்னும் வரவில்லை. என்ன முடிவு வரும் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் இனி வரும் கடிதம் அவருடைய கைக்கே போகும். அதை வாசிக்க அவர் நிதானமாகவும் இருப்பார்.

வீட்டு வேலை

ஒரு பேப்பரில் இந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுதுங்கள். எழுத ஏலாதவர்கள் வந்து சொன்னால் நான் எழுதித் தருகிறேன்.

1. இன்று இரவு எங்கே படுப்பேன்? அடுத்த கிழமையும் அங்கே படுக்கலாமா?
2. என் பழக்கம் பற்றி உண்மையைச் சொல்லக்கூடிய ஒரு வைத்தியரோ உத்தியோகத்தரோ யார்?
3. நாளைக்குக் காலையில் என்னை எதிர்பார்க்கும் ஒரு இடம் எது? இல்லையென்றால், எந்த இடத்தை அப்படி ஆக்கலாம்?

மறக்கக் கூடாத இலக்கங்கள்: உயிராபத்துக்கு 911. உயிரை மாய்க்க நினைப்பு வந்தால் 988, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பதில் சொல்வார்கள். எந்த உதவி எங்கே என்று கேட்க 211. இதில் "தமிழ்" என்று சொல்லி மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போய்க் கதை வெளியில் வரும் என்று பயப்படத் தேவையில்லை.

தொலைபேசி எடுத்த சகோதரிக்கு: அவரை ஏசி அனுப்பாதேங்கோ. நடுக்கம் இருந்தால் முதலில் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கோ. பிறகு வருகிற செவ்வாய்க்கிழமை இரண்டு பேருமாக அலுவலகத்துக்கு வாங்கோ. வந்த கடிதங்கள் எல்லாவற்றையும், பிரிக்காத கடிதங்களையும்கூட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாங்கோ. தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.